டார்க் டியூபோடு சேர்ந்து கழன்று போகும் வேலைகள்: மாடல் ஏ ஹாட் ராடின் பின் சஸ்பென்ஷன்

கேள்வி சுருக்கமாக இது: 1931 ஃபோர்டு மாடல் ஏ கூபே, ஹாட் ராடாக (வேறு எஞ்சின் ஏற்றி மாற்றிய பழைய காராக) ஆகிறது. சேசியும் பின் ஆக்ஸிலும் பழையவை. எஞ்சின் செவ்ரோலே 350, கியர்பாக்ஸ் டி5. வண்டியின் பின்பக்கம் மூன்று அங்குலமாவது தாழ வேண்டும், நெடுஞ்சாலையில் 70 மைல் வேகத்தில் பயமில்லாமல் ஓட வேண்டும். பழைய குறுக்குப் பட்டை ஸ்பிரிங்கையே வைத்துக்கொள்வதா, ஃபோர் லிங்கும் (ஆக்ஸிலைச் சட்டத்தோடு பிடிக்கும் நான்கு கம்பிகள்) காயிலோவரும் (ஷாக்கைச் சுற்றிய சுருள் ஸ்பிரிங்) போடுவதா?

இரண்டில் எதைப் போட்டாலும் வண்டி நன்றாக ஓடும், எதைப் போட்டாலும் கெடுக்கவும் முடியும். எந்தக் கிட் வாங்குவது என்பதற்கு முன்னால் முடிவு செய்யவேண்டியது வேறொன்று: இப்போது வண்டிக்கு அடியில் இருக்கும் பழைய அமைப்பு எத்தனை வேலை செய்கிறது, அதைக் கழற்றிய பிறகு அந்த வேலைகளை யார் செய்யப்போகிறார்கள்?

மாடல் ஏ பின்பக்கத்தை ஒருமுறை கீழே படுத்துப் பாருங்கள். ஆக்ஸில் ஹவுசிங்குக்கு நேர் மேலே குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங். அதன் நடுப்பகுதி வளைந்த கிராஸ் மெம்பருக்குள் யூ போல்ட்டால் இறுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு முனைகளும் ஷாக்கிள் என்ற ஆடும் இணைப்பு வழியாக ஹவுசிங்கில் உள்ள பெர்ச் என்ற பிடிப்பில் தொங்குகின்றன. புரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது, டார்க் டியூப் என்ற குழாய்க்குள் சுழல்கிறது. அந்தக் குழாயின் பின்முனை டிஃபரன்ஷியலோடு போல்ட் போட்டு ஒரே உடம்பாக இருக்கும். முன்முனை கியர்பாக்ஸின் பின்னால் ஒரு பந்து மூட்டில் உட்காரும். ஹவுசிங்கின் இரு ஓரங்களிலிருந்தும் இரண்டு ரேடியஸ் ராடுகள் வந்து டியூபின் முன்பகுதியில் சேர்கின்றன. மேலிருந்து பார்த்தால் ஒரு முக்கோணம்.

ஒரு பின் ஆக்ஸிலுக்கு நான்கு தேவைகள் உண்டு. வண்டியின் எடையைத் தாங்க வேண்டும். முன்னும் பின்னும் நகராமல் நிற்க வேண்டும். சக்கரம் தரையைத் தள்ளும்போது ஹவுசிங் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும், அதைத் தடுக்க வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க வேண்டும். பழைய ஃபோர்டில் பட்டை செய்வது முதல் வேலையை முழுதாகவும் நான்காவதில் பாதியையும் மட்டும்தான். இரண்டும் மூன்றும் முழுக்க டார்க் டியூபுடையவை. வண்டியை முன்னே தள்ளும் விசைகூட அந்தப் பந்து வழியாகத்தான் கியர்பாக்ஸுக்கும், அங்கிருந்து எஞ்சின் மவுண்டுகளுக்கும் போகிறது. ஃபோர்டு இந்த ஏற்பாட்டை 1948 வரை விடவில்லை. 1949 மாடலில்தான் திறந்த ஷாஃப்ட்டும் இரு பக்க நீளப் பட்டைகளும் வந்தன.

டி5 திறந்த ஷாஃப்ட் கியர்பாக்ஸ். அது வந்ததுமே டார்க் டியூப் போகிறது, அதோடு இரண்டரை வேலையும் போகிறது. இதை உணராமல் டியூபை மட்டும் எடுத்துவிட்டு, ரேடியஸ் ராடுகளைப் பிரித்து இரண்டு பக்கச் சட்டத்திலும் மாட்டிவிடுவது நிறைய வண்டிகளில் நடக்கிறது. பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த ராடு ஹவுசிங்கில் பிடிக்கும் இடம் முன்பின் இழுவைக்கென்று செய்யப்பட்டது, உருளலைத் தாங்க அல்ல. முதல் சில அழுத்தமான கிளம்பல்களில் ராடு வளையும், அல்லது பிடிப்பு வெடிக்கும். பான்ஜோ எனப்படும் இந்தப் பழைய ஃபோர்டு ஆக்ஸிலைத் திறந்த ஷாஃப்ட்டுக்கு மாற்றும் கிட்டுகள் கிடைக்கின்றன. அவற்றைப் போட்டாலும் பான்ஜோவோடு இறுகி, முன்னே ஒரு ரப்பர் மூட்டில் முடியும் டார்க் ஆர்ம் ஒன்று கட்டாயம் வேண்டும். அதைத் தவிர்த்தால் ஹவுசிங்கின் மணி வடிவ இரு பக்கப் பகுதிகளையும் நடுப்பகுதியோடு இணைக்கும் போல்ட்டுகள்தான் சுமையை வாங்கும்.

எவ்வளவு சுமை என்று கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளியும். எஞ்சினின் முறுக்கையும் முதல் கியரையும் டிஃபரன்ஷியல் விகிதத்தையும் பெருக்கினால் மூவாயிரம் பவுண்டு-அடிக்கு மேல் வரும், ஆனால் டயர் அதற்கு முன்பே வழுக்கிவிடும். எனவே டயரின் பிடிமானமே எல்லை. கிளம்பும்போது பின் சக்கரங்கள் மேல் 1,500 பவுண்டு இருக்கிறது, உராய்வு 0.9, டயரின் ஆரம் 14 அங்குலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தள்ளுவிசை 1,350 பவுண்டு. ஹவுசிங்கை உருட்டும் முறுக்கு சுமார் 1,575 பவுண்டு-அடி. ஹவுசிங்கோடு இறுகி முன்னோக்கி நீளும் ஏணி வடிவக் கம்பியான லேடர் பார், நான்கு அடி நீளத்தில், இதைத் தாங்கினால் முன்முனையில் மேல்நோக்கி வருவது 400 பவுண்டுக்கும் குறைவு. அதே முறுக்கை, மேல் கம்பிக்கும் கீழ்க் கம்பிக்கும் ஆறு அங்குல இடைவெளி உள்ள ஃபோர் லிங்க் தாங்கினால், தள்ளுவிசையையும் சேர்த்து ஒவ்வொரு கீழ்க் கம்பியிலும் ஏறக்குறைய 1,900 பவுண்டு அமுக்கம் வரும், மேல் கம்பியில் 1,200 பவுண்டுக்கு மேல் இழுவை. பிரேக் அடித்தால் எல்லாம் திசை மாறும். பிராக்கெட்டுகள் ஏன் கால் அங்குலத் தகட்டில், இரு பக்கமும் காது வைத்துச் செய்யப்பட வேண்டும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

பான்ஜோவை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் பரிந்துரை. டியூபை எடுத்த பின் அதன் அழகு மட்டுமே மிச்சம், பலம் இல்லை. 1965–66 மஸ்டாங் வி8 வண்டிகளில் வந்த ஃபோர்டு 8 அங்குல ஆக்ஸில் இந்த எடைக்கும் தெரு டயருக்கும் போதும். சக்கரம் உட்காரும் முகத்திலிருந்து முகம் வரை 57¼ அங்குலம். மாடல் ஏவின் சக்கர இடைவெளி 56 அங்குலம் என்பதால் மட்கார்டு இல்லாத வண்டிக்கு அப்படியே பொருந்தும். மட்கார்டு இருந்தால் சக்கரத்தின் ஆஃப்செட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். போல்ட் வட்டம் 4½ அங்குலம், பழைய ஃபோர்டு சக்கரங்களுடையது 5½. இது பலருக்கும் சக்கரம் வாங்கிய பிறகுதான் தெரிகிறது. 1966–77 பிரான்கோவின் 9 அங்குல ஆக்ஸிலில் 5½ வட்டமே இருக்கும், கனமும் கூடுதல். பந்தயத் திடலுக்குப் போவதாக இருந்தால் 9, இல்லையென்றால் 8.

இப்போது தேர்வுக்கு வருவோம்.

குறுக்குப் பட்டையை வைத்துக்கொள்வதென்றால் எடை தாங்கும் வேலை பழையபடி நடக்கிறது. முன்பின்னுக்கும் உருளலுக்கும் ஒரு ஜோடி லேடர் பார், பக்கவாட்டுக்கு, சட்டத்தையும் ஆக்ஸிலையும் குறுக்கே இணைக்கும் ஒரு பான்ஹார்டு ராடு. அவ்வளவுதான். ஆனால் லேடர் பாரின் முன்முனையை எங்கே மாட்டுகிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பாரும் ஹவுசிங்கும் சேர்ந்து வளையாத ஒரே சட்டம். வண்டி ஒரு திருப்பத்தில் மூன்று டிகிரி சாய்கிறது என்றால் அந்தச் சட்டம் உடலுக்கு எதிராக மூன்று டிகிரி திருகிக்கொள்ள வேண்டும். முன்முனைகள் இரண்டும் பக்கச் சட்டங்களில் 30 அங்குல இடைவெளியில் இருந்தால், அவற்றுக்கிடையே ஒன்றரை அங்குலத்துக்கும் மேல் உயர வித்தியாசம் வர வேண்டும். வர இடமில்லை. ரப்பர் கொஞ்சம் கொடுக்கும், மீதியை பிராக்கெட் வாங்கும், கடைசியில் ஹவுசிங்கின் குழாய். முழு பின்பக்கமும் ஒரு பெரிய ஆன்டி ரோல் பாராக (வண்டி சாய்வதை எதிர்க்கும் கம்பியாக) மாறிவிடும். திருப்பத்தில் உள்பக்கச் சக்கரம் தூக்கும், பற்றவைத்த இடத்தின் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். அதே முனைகளை கியர்பாக்ஸ் கிராஸ் மெம்பரில், நான்கு அங்குல இடைவெளியில் கொண்டுவந்து சேர்த்தால் வித்தியாசம் கால் அங்குலத்துக்கும் குறைவு. அதை ரப்பர் புஷ்ஷே விழுங்கிவிடும். மேலிருந்து பார்த்தால் மறுபடியும் அந்தப் பழைய ஃபோர்டு முக்கோணம்தான்.

பார் நீளமாக இருக்கட்டும். ஆக்ஸில் மூன்று அங்குலம் ஏறும்போது 36 அங்குல பாரில் பினியன் கோணம் (ஷாஃப்ட் வந்து சேரும் டிஃபரன்ஷியல் பல்சக்கரத்தின் சாய்வு) ஐந்து டிகிரிக்குச் சற்றுக் குறைவாகத் திரும்பும், 48 அங்குலத்தில் மூன்றரை டிகிரி. முன்முனை பக்கவாட்டில் பார்க்கும்போது ஷாஃப்ட்டின் முன் யூ ஜாயின்ட்டுக்கு அருகில் இருந்தால் இன்னொரு லாபம்: இரண்டும் ஏறக்குறைய ஒரே மையத்தில் சுழல்வதால் ஸ்லிப் யோக் (கியர்பாக்ஸுக்குள் வழுக்கும் ஷாஃப்ட் முனை) உள்ளே வெளியே போவது மிகக் குறைவாக இருக்கும்.

பட்டையைத் தாழ்த்துவதில் மூன்று வழி. மெயின் பட்டையின், அதாவது மிக நீளமானதின், கண்ணை (முனை வளையத்தை) தலைகீழாகச் சுருட்டுவது: ஏறக்குறைய ஒரு கண்ணின் விட்டம், அதாவது ஓர் அங்குலம் முதல் ஒன்றேகால் வரை இறங்கும். வளைவைக் குறைத்துப் புதிதாகச் செய்த பட்டை வாங்குவது: இன்னும் ஒன்றரை அங்குலம். கிராஸ் மெம்பரை உயர்த்துவது, அல்லது சட்டத்தையே ஆக்ஸிலுக்கு முன்னால் வெட்டிப் படிக்கட்டுபோல் தூக்குவது: எவ்வளவு வேண்டுமானாலும். உங்களுடைய மூன்று அங்குலத்துக்கு முதல் இரண்டுமே ஏறக்குறைய போதும். நடுவிலிருந்து பட்டைகளை உருவினால் தாழும் என்பதும் ஒரு வழக்கம். தாழும்தான், ஆனால் அது மிருதுவாக்கும் வழியே தவிரத் தாழ்த்தும் வழி அல்ல. உருவுவதாக இருந்தால் மெயின் பட்டையையும் அதற்கு அடுத்ததையும் தொடாமல், மற்றவற்றில் ஒன்றுவிட்டு ஒன்றாக எடுக்க வேண்டும். நீளங்களின் படிவரிசை குலையக் கூடாது. குலைந்தால் ஒரே இடத்தில் வளைவு குவிந்து மெயின் பட்டை அங்கே முறியும். ஒவ்வொரு பட்டையின் நுனியையும் உருட்டித் தேய்த்து, நடுவே வழுக்குப் பட்டி வைத்துக் கட்டினால் சவாரியில் வரும் மாற்றம், பட்டை உருவுவதால் வருவதைவிடப் பெரும்பாலும் அதிகம்.

இங்கே ஓர் எச்சரிக்கை, இதில் விளையாட்டே கூடாது. மாடல் ஏ பின்பட்டை வண்டியில் இருக்கும்போது இரு முனையும் வெளிப்பக்கம் இழுத்து விரிக்கப்பட்ட நிலையில் இருக்கிறது. ஸ்பிரெடர் (பட்டையை விரித்துப் பிடிக்கும் கருவி) போடாமல் ஷாக்கிளைத் தட்டிக் கழற்றினால் அந்த முனை அடிக்கும் அடியில் எலும்பு உடையும். சென்டர் போல்ட்டும் அப்படித்தான்: பட்டைக் கட்டை வெளியே எடுத்த பிறகு, நடுவின் இருபுறமும் கனமான கிளாம்ப் இறுக்கிவிட்டு, போல்ட்டைக் கழற்றி, நீளமான மரையுள்ள கம்பியைச் செருகி, மெதுவாகத் தளர்த்துங்கள். முகத்தை பட்டையின் நேர்கோட்டில் வைக்காதீர்கள்.

ஷாக்கிள் கோணம் முழு எடையில் சுமார் 45 டிகிரி நிற்க வேண்டும். புதிய ஆக்ஸிலில் பெர்ச்சை எங்கே பற்றவைப்பது என்பதை இதுதான் தீர்மானிக்கிறது. எடை ஏற்றிய நிலையில் பட்டையின் கண்ணிலிருந்து கண் வரை அளந்து, ஷாக்கிளின் மையத் தூரம் இரண்டு அங்குலம் என்றால் ஒவ்வொரு பக்கமும் 1.4 அங்குலம் சேருங்கள். பெர்ச்சுகள் இதைவிட அகலமாகப் போனால் ஷாக்கிள் படுத்துவிடும், வண்டி கல்போல் குதிக்கும். குறுகினால் ஷாக்கிள் செங்குத்தாகும், பின்பக்கம் வாலாட்டும். பெரிய பள்ளத்தில் ஷாக்கிள் மறுபக்கம் புரண்டு மாட்டிக்கொள்ளவும் கூடும். இலவசமாகக் கிடைத்த பெர்ச்சை இலவசமாகக் கிடைத்த இடத்தில் பற்றவைத்த வண்டிகள் எல்லாம் இந்த இரண்டில் ஒன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன.

காயிலோவர் பக்கம் வந்தால், சவாரி மேம்படும், உயரத்தை மரை திருகி மாற்றலாம், பின் கிராஸ் மெம்பரின் மேடு போவதால் பின்னால் கொஞ்சம் இடமும் கிடைக்கும். விலை: பட்டை செய்துவந்த பக்கவாட்டுப் பாதி வேலையும் போய்விடும். இணையான ஃபோர் லிங்க்கில் நான்கு கம்பிகளும் நேராக முன்னோக்கி ஓடுவதால் பக்கவாட்டில் பிடிமானம் என்று எதுவுமே இல்லை, பான்ஹார்டு ராடு இல்லாமல் வண்டியைத் தரையில் இறக்கவே கூடாது. மேல் கம்பிகள் இரண்டையும் சாய்த்து ஹவுசிங்கின் நடுவில் சேர்க்கும் முக்கோண ஃபோர் லிங்க் அந்த வேலையையும் தானே செய்துகொள்ளும். அதற்கு மேலிருந்து பார்க்கையில் இரு கம்பிகளுக்கும் இடையே குறைந்தது 40 டிகிரி வேண்டும், 60 கிடைத்தால் நல்லது. குறுகிய மாடல் ஏ சட்டத்துக்குள் எக்ஸாஸ்ட் குழாயையும் கடத்திவிட்டு இந்தக் கோணம் கிடைப்பது அரிது. கிடைத்தால் போடுங்கள், போட்டுவிட்டுப் ‘பாதுகாப்புக்கு’ என்று பான்ஹார்டு ராடு சேர்க்காதீர்கள். ஒரே வேலைக்கு இரண்டு பேர் வெவ்வேறு வட்டத்தில் சுழன்றால் ஒருவர் உடைவார்.

பான்ஹார்டு ராடு பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் கிட்டுகளோடு வரும் ராடுகளில் பல மிகக் குட்டை. ராடின் ஒரு முனை சட்டத்தில், மறுமுனை ஆக்ஸிலில். ஆக்ஸில் ஏறி இறங்கும்போது அந்த முனை ஒரு வட்டத்தில் போகும், அதனால் ஆக்ஸில் பக்கவாட்டில் இழுபடும். 600 மில்லிமீட்டர் ராடு சவாரி உயரத்தில் மட்டமாக இருந்தால், 50 மில்லிமீட்டர் ஏற்றத்துக்கு நழுவல் 2 மில்லிமீட்டர்தான். 250 மில்லிமீட்டர் ராடில் அது 5. இதுவரை பரவாயில்லை. ஆனால் ராடு ஏற்கெனவே சாய்ந்து, ஒரு முனை 50 மில்லிமீட்டர் உயர்ந்து நிற்கும்படி மாட்டியிருந்து, அதே திசையில் இன்னும் 50 சென்றால் நீள ராடில் நழுவல் 6, குட்டை ராடில் 16 மில்லிமீட்டர். ஒவ்வொரு மேட்டிலும் பின்பக்கம் அரை அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் தாவுகிறது. ஓட்டுபவர் இதை ‘ஸ்டீயரிங் சரியில்லை’ என்று நினைத்து முன்பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருப்பார். நீளமாக, சவாரி உயரத்தில் மட்டமாக. இரண்டே விதி. லேடர் பாருக்கும் இதே விதிதான்.

காயிலோவருக்கு ஸ்பிரிங் தேர்வு: பட்டியலில் உள்ள ‘மாடல் ஏ’ என்ற வரியைப் பார்த்து வாங்காதீர்கள். எல்லாம் மாட்டிய வண்டியை எடைமேடையில் பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி எடுங்கள். 1,100 பவுண்டு வந்தது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஆக்ஸில், பிரேக், சக்கரங்கள் ஆகியவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை, சுமார் 285 பவுண்டு. மீதி 815, ஒரு பக்கத்துக்கு 408. ஸ்பிரிங் செங்குத்திலிருந்து 15 டிகிரி சாய்ந்திருந்தால் அது தாங்கவேண்டியது 408-ஐ 0.966-ஆல் வகுத்த 422 பவுண்டு. சாய்வு ஸ்பிரிங்கின் விறைப்பையும் தின்னும்: சக்கரத்துக்குக் கிடைக்கும் விறைப்பு, கோணத்தின் கொசைனை இருமுறை பெருக்கிய அளவுக்குக் குறையும். 15 டிகிரியில் 93 சதவீதம், 20-இல் 88, 30-இல் 75 மட்டுமே. பின்னால் அழகாகத் தெரியவேண்டும் என்று காயிலோவரைப் படுக்கவைத்த வண்டிகள் ஏன் தொப்பென்று உட்காருகின்றன என்பது இதுதான். ஏறும்போது கோணம் இன்னும் படுப்பதால், அமுக்க அமுக்க மிருதுவாகும் ஸ்பிரிங் அது. 20 டிகிரியைத் தாண்டாதீர்கள்.

அங்குலத்துக்கு 110 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் அது 3.84 அங்குலம் அமுங்கி எடையைத் தாங்கும். சக்கரத்தில் விறைப்பு சுமார் 103. வண்டி மேலும் கீழும் ஆடும் வேகம் நொடிக்கு ஒன்றரை முறைக்குச் சற்று மேல். தெரு வண்டிக்கு இது சரியான இடம். 200 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் ஆட்டம் நொடிக்கு இரண்டு முறையைத் தாண்டும், முதுகெலும்பு கணக்குச் சொல்லும். நீளத்தையும் பாருங்கள்: 3.84 அமுங்கிய பிறகு மூன்று அங்குலம் மேலே ஏற இடம் வேண்டும், மொத்தம் 6.84. சுருள்கள் ஒன்றோடொன்று முட்டுவதற்கு முன் இன்னும் அரை அங்குலமாவது மிச்சமிருக்க வேண்டும். 10 அங்குல ஸ்பிரிங்கில் இது பெரும்பாலும் இழுபறி, 12 அங்குலத்தில் நிம்மதி. ஷாக்கின் ஓட்டம் ஐந்து அங்குலம் என்றால் சவாரி உயரத்தில் மூன்று மேலே போகவும் இரண்டு கீழே தொங்கவும் இருக்கட்டும். மேலே கடைசியில் முட்டவேண்டியது பம்ப் ஸ்டாப், ஷாக்கின் உடம்போ ஹவுசிங்கோ அல்ல. ஹவுசிங்குக்கும் சட்டத்துக்கும் நடுவே மூன்று அங்குலத்துக்குக் குறைவாக இருந்தால் சட்டத்தை மேல்நோக்கி வெட்டித் தூக்கித்தான் ஆக வேண்டும்.

உங்கள் வண்டியில் நான் போடுவது முதல் ஏற்பாடு: 8 அங்குல ஆக்ஸில், கண் திருப்பி வளைவு குறைத்த குறுக்குப் பட்டை, நடுவில் சேரும் லேடர் பார்கள், பான்ஹார்டு ராடு, இரண்டு குழாய் ஷாக்குகள். மூன்று அங்குலத் தாழ்வு ஏறக்குறைய அதிலேயே கிடைக்கிறது, சட்டத்தை வெட்ட வேண்டியதில்லை, பின்னாலிருந்து பார்த்தால் வண்டி 1931-இன் முகத்தோடு இருக்கும். இன்னும் தாழ வேண்டும், சட்டத்தை எப்படியும் வெட்டப்போகிறேன் என்றால் மட்டும் இணையான ஃபோர் லிங்க்.

எதுவானாலும் வேலையின் வரிசை ஒன்றே. மாடல் ஏ சட்டம் திறந்த வாய்க்கால்போன்ற தகடு, பிராக்கெட் தொங்கும் இடத்தில் முறுக்கைத் தாங்காது. முதலில் உட்பக்கம் 3 மில்லிமீட்டர் தகடு வைத்து மூடுங்கள். தொடர்ந்து ஓடாமல் ஓர் அங்குலம் விட்டு ஓர் அங்குலமாக, பக்கம் மாற்றி மாற்றிப் பற்றவையுங்கள். பிறகு சட்டத்தை ஸ்டாண்டுகளில், வண்டி எந்த உயரத்தில், எந்த முன்சாய்வில் நிற்கவேண்டுமோ அப்படியே நிறுத்துங்கள். 30 அங்குல டயர் எடையில் கொஞ்சம் அமுங்கும், எனவே ஆக்ஸிலின் மையம் தரையிலிருந்து 14½ அங்குலத்தில். ஷாக்குக்குப் பதில் சவாரி நீளத்தில் இரு ஓட்டை போட்ட தட்டைக் கம்பியை மாட்டிக்கொண்டால் உயரம் நகராது.

ஆக்ஸிலைச் சதுரப்படுத்துவது: முன் ஆக்ஸிலின் கிங் பின்னிலிருந்து (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி) பின் ஹவுசிங்கின் முனை வரை இரு பக்கமும், பிறகு குறுக்கே மூலைக்கு மூலை. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள். மாடல் ஏவின் வீல்பேஸ் 103½ அங்குலம். அதை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை, இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும்.

பினியன் கோணத்தை இப்போது வையுங்கள், கடைசியில் அல்ல. கியர்பாக்ஸ் வெளிமுனை மூன்று டிகிரி கீழே பார்த்தால் பினியன் இரண்டு டிகிரி மேலே பார்க்கட்டும். வேகம் எடுக்கும்போது ரப்பர் கொடுக்கும் ஒரு டிகிரியில் இரண்டும் இணையாகிவிடும். இரு யூ ஜாயின்ட்டிலும் வேலைக்கோணம் அரை டிகிரிக்குக் குறையக் கூடாது, ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் தேயும். மூன்றைத் தாண்டினால் அதிர்வு. ஸ்லிப் யோக் சவாரி உயரத்தில் முழுக்க உள்ளே தள்ளிய நிலையிலிருந்து முக்கால் முதல் ஓர் அங்குலம் வெளியே.

எல்லா பிராக்கெட்டையும் முதலில் புள்ளிப் பற்றவைப்பு மட்டும் செய்யுங்கள். பட்டை அல்லது ஸ்பிரிங் இல்லாமல் ஆக்ஸிலை ஜாக்கியில் மேலே கீழே ஏற்றியிறக்குங்கள், பிறகு ஒரு பக்கத்தை மட்டும். கையால் தள்ளினாலே நகர வேண்டும். எங்கேயாவது ஜாக்கி சிரமப்பட்டால் அங்கே கட்டு இருக்கிறது என்று பொருள். ‘ஓடி ஓடிச் சரியாகிவிடும்’ என்பது இதில் நடக்காது. பிரேக் ஹோஸ், ஹாண்ட் பிரேக் கேபிள், எக்ஸாஸ்ட் மூன்றையும் இந்தச் சோதனையிலேயே பாருங்கள்.

ஹவுசிங்கில் முழுப் பற்றவைப்பு செய்யும்போது குழாய் வளையும், அது நிச்சயம். எவ்வளவு என்பதுதான் உங்கள் கையில். ஓர் அங்குலப் பற்று, மறுபக்கத்தில் ஓர் அங்குலம், கை வைக்கும் சூடு வரும்வரை காத்திருப்பு. பேரிங் இருக்கைகளின் ஊடே நேர்க்கம்பி செருகிப் பார்த்துக்கொண்டே செய்யும் பட்டறையில் கொடுப்பது இன்னும் நல்லது. வளைந்த ஹவுசிங் முதலில் காட்டும் அறிகுறி ஆக்ஸில் சீல் கசிவு. சீலை மூன்று முறை மாற்றியும் நிற்கவில்லையென்றால் சீலைக் குறை சொல்லாதீர்கள்.

போல்ட்டுகள் கிரேடு 8, கம்பிகளுக்கு ⅝ அங்குலம், எப்போதும் இரு காதுகளுக்கு நடுவே. ஒற்றைக் காதில் தொங்கவிடுவது வேண்டாம். ராடு எண்டுகளின் (கம்பி முனையில் உள்ள பந்து மூட்டுகள்) மரை விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழமாவது உள்ளே போயிருக்க வேண்டும்: ¾ அங்குல மரைக்கு 1⅛ அங்குலம். அதோடு பெரிய வாஷர் ஒன்று, பந்து கழன்றாலும் கம்பி விழாமல் பிடிக்க. இந்தப் போல்ட்டுகளுக்குக் குரோம் பூசாதீர்கள்; பூச்சுக் குளியலில் ஹைட்ரஜன் உள்ளே புகுந்து கடினமான எஃகை நொறுங்க வைக்கும், முறிவதற்கு முன் எந்த எச்சரிக்கையும் தராது. ஷாஃப்ட்டின் முன்பகுதியைச் சுற்றி ஒரு பாதுகாப்பு வளையம் போடுங்கள். மாடல் ஏவில் உங்கள் இருக்கை அதற்கு மேலேதான்.

ஓட்டிப் பார்க்கும்போது அறிகுறிகளைப் பிரித்தறியுங்கள். வேகத்தோடு மட்டும் கூடி, கிளட்ச் அழுத்தினாலும் நிற்காத அதிர்வு ஷாஃப்ட்டின் சமநிலை அல்லது சக்கரம். ஆக்ஸிலரேட்டரை அழுத்தும்போது வந்து விட்டால் மறைவது பினியன் கோணம். கிளம்பும்போது சக்கரம் தடதடவென்று துள்ளினால் எங்கேயோ உருளல் முழுதாகத் தாங்கப்படவில்லை, புஷ் அல்லது பிராக்கெட். கியர் மாற்றும்போது ஒற்றை ‘டக்’ சத்தம் பெரும்பாலும் ராடு எண்டு. வண்டி ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் உடனே காயிலோவர் மரையைத் திருகாதீர்கள். லேடர் பாரின் இரு முன்முனை மரைகளும் ஒரே நீளத்தில் இல்லாதபோது அவையே ஆக்ஸிலைத் திருகி வண்டியைச் சாய்க்கும். ஒரு பக்கத்துப் போல்ட்டை உருவுங்கள், கையால் தானாக உள்ளே போகும்வரை மரையைத் திருத்துங்கள்.

முதல் 100 மைலில் பட்டையின் யூ போல்ட்டுகளை மறுபடி இறுக்குங்கள், வழுக்குப் பட்டி அமுங்கி அவை தளர்ந்திருக்கும். பிராக்கெட் ஓரங்களில் பெயின்ட் கோடுபோல் பிளந்திருக்கிறதா என்று அப்போதே விளக்கடித்துப் பார்த்துவிடுங்கள். அதனால்தான் பின்பக்கத்துக்குக் கடைசிப் பெயின்ட்டை 500 மைல் ஓடிய பிறகு அடிக்கச் சொல்வது.